அரண்மனை முற்றமும் மாட்டுத்தாவணியும்

அமராவதி ஆற்றில் சொகுசுப் படகெல்லாம் ஓடாது. அணையைத் திறந்தால் கல்லாபுரம் தொடங்கி காரத்தொழுவு வரை எட்டு ராஜவாய்க்கால்களும் ஆளுக்கொரு பங்கு இழுத்துக்கொள்ளும். கோடையில் மடத்துக்குளம் பக்கம் ஆற்றைப் பார்த்தால் மணலும் நாணலும்தான். டானூப் நதியில் கப்பலேறி, டிசம்பர் குளிரில் ஊர் ஊராக இறங்கி, கிறிஸ்துமஸ் சந்தையும் அரண்மனையும் பார்த்து வருகிறார்களே, அதற்கு நம் பக்கம் இணை தேடுகிறவர் ஆற்றை விட்டுவிட்டுச் சந்தையைப் பிடிக்க வேண்டும். வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில், சித்திரை மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுத்தாவணி அது.

டானூப் கரையில் ரேகன்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் உள்ள ஊர். அங்கே தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பத்தார் படை நடத்திப் பணம் சேர்க்கவில்லை, தபால் நடத்திச் சேர்த்தார்கள். பவேரிய அரசு தபால் உரிமையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 1812இல் புனித எம்மெராம் மடத்தைக் கொடுத்தது. மடம் அரண்மனையாயிற்று. அதன் முற்றத்தில்தான் இன்றைய கிறிஸ்துமஸ் சந்தை, நுழைவுச்சீட்டு உண்டு. விறகு நெருப்பு, மரச்செதுக்குக் கடைகள், பட்டை கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயின். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள். திருப்பித் தந்தால் பணம், தராவிட்டால் கோப்பை நம்முடையது.

கண்ணபுரத்தில் சீட்டும் கிடையாது, முற்றமும் கிடையாது. மயிலை, செவலை, காரி என்று காங்கயம் மாடுகள் வெயிலில் நிற்கும். வாங்க வந்தவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், கொஞ்சம் நடக்கவிட்டு நடை பார்ப்பார். விலை மட்டும் வாயில் வராது. தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடுவார். உள்ளே விரலைப் பிடித்தே ஆயிரங்கள் ஏறி இறங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு முகச்சுளிப்பு மட்டும் தெரியும். கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது.

அரண்மனைக்கு இணை பழையகோட்டை. ஜெர்மன் பெருவீடு வாசலைத் திறந்து சந்தையை உள்ளே விட்டது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரோ தன் தொழுவத்தில் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கி, காங்கயம் மாட்டுக்குப் பேர் வாங்கித் தந்தார். அந்த வீட்டின் பெருமையைக் காண மாளிகையைச் சுற்ற வேண்டாம், தாவணியில் மாட்டின் திமிலைப் பார்த்தாலே போதும்.

கண்ணபுரம் நிஜம், ரேகன்ஸ்பர்க் சந்தை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாம்தான். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. 1298இல் வியன்னாவுக்குக் கிடைத்த டிசம்பர் சந்தை உரிமையும் ஊர்க்காரர் வியாபாரத்துக்காகத்தான் வந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் காசில்தான் இன்று அங்கே மரம் செதுக்குகிறவரும் பிழைக்கிறார்.

கண்ணபுரத்துக்கு அந்த வழி உதவாது. செல்ஃபி எடுக்க வருகிறவர் மாடு வாங்கமாட்டார். உழவு டிராக்டருக்குப் போய்விட்டது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மேல் எல்லோருக்கும் பாசம் வந்தது, ஆனால் பாசம் உள்ளவர்களிடமெல்லாம் கொறங்காடு இல்லை. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல்: மழை குறைந்த காங்கயம் சீமையில் இந்த இனத்தை வளர்த்தது அந்த மேய்ச்சல் நிலம்தான். அதுவும் மனைக்கட்டாகிக்கொண்டிருக்கிறது. கண்ணபுரத்துக்குச் சுற்றுலாத் திட்டம் கேட்கிறவர்கள், முதலில் கொறங்காட்டுக்கு மானியம் கேட்கட்டும்.