மொடக்குறிச்சியின் ஆயிரத்து முப்பத்து மூவர்

அரசியல் அறிவியலின் பாலபாடத்தில் தேர்தலுக்கு ஒரு வரையறை உண்டு: ஆளப்படுவோர் தமக்கான பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறை. நாடாளுமன்ற ஆட்சி, அதிபர் ஆட்சி என்று அமைப்புகளை ஒப்பிட்டுப் பயிலும்போது இந்த வரியை நாம் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறோம். தேர்தல் வேறொன்றாகவும் ஆகக்கூடும் என்பதற்கு, திருப்பூர் முதல் ஈரோடு வரை நீளும் நம் நெசவு வட்டாரமே சான்று வைத்திருக்கிறது.

திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூர். இன்று அதைச் சுற்றிலும் பின்னலாடைத் தொழிற்கூடங்கள். 1970 ஜூன் 19 அன்று, மின்கட்டண உயர்வை எதிர்த்து அங்கே திரண்ட விவசாயிகள் மீது போலீசார் சுட்டதில் மூவர் மாண்டனர். தகராறு யூனிட்டுக்கு ஒரு பைசா. கிணற்றையும் பம்புசெட்டையும் நம்பிய பூமியில் அந்த ஒரு பைசாவின் கனம் வேறு. 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகள் கோவை நகரத் தெருக்களை அடைத்து நின்றன. ஆட்சியாளர் காதில் ஏறும்படி சொல்ல இவ்வட்டாரத்து உழவர்கள் புதுப்புது வழிகளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்காக இவற்றை நினைவுபடுத்துகிறோம்.

அத்தேடலின் விசித்திரமான கண்டுபிடிப்பு 1996 சட்டமன்றத் தேர்தலில் நிகழ்ந்தது. தங்கள் குறைகளை யாரும் செவிமடுக்கவில்லை என்று காட்ட, ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்தார்கள். களத்தில் இறுதியாக நின்றவர்கள் 1033 பேர். தேர்தல் ஆணையம் அத்தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவை ஒரு மாதம் தள்ளிவைத்தது. வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாகவே அச்சாயிற்று. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்கள் ஒரு வாக்குக்கூடப் பெறவில்லை. அதாவது, அவர்களே தமக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை! வெல்வதற்காக அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வேட்புமனு அங்கே வெறும் மனுவாகிவிட்டது. அதே ஆண்டு ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் 480 பேர் நின்றார்கள்.

இந்த உபாயம் சாத்தியமானதற்குச் சட்டத்தின் மறதியும் ஒரு காரணம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சட்டமன்ற வேட்பாளருக்கு விதித்த வைப்புத்தொகை 250 ரூபாய். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அது மாறவேயில்லை. 1033 பேரும் முழுத்தொகை கட்டியிருந்தால்கூட இரண்டரை லட்சத்துக்குச் சற்றே அதிகம். 1996இல் வந்த சட்டத்திருத்தம் அதை 5,000 ஆக்கிற்று. இதே கணக்கு ஐம்பத்தொரு லட்சத்தைத் தாண்டிவிடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், ஏனையோருக்குப் பத்து வாக்காளர்கள் வேண்டும் என்பதும் அப்போதே சேர்ந்தது. 1990இலேயே கோஸ்வாமி குழு இத்திசையில் பேசியிருந்தது என்பதையும், புத்தகம் போன்ற வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு யாரும் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் ஆயிரம் பேர் ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு, இனி வரமுடியாதபடி செய்வது விடையாகாது.

பிற நாடுகள் இந்த வாசலை எவ்வாறு காக்கின்றன? பிரிட்டன் 1918இல் 150 பவுண்டு வைப்புத்தொகையைக் கொண்டுவந்தது. 1985இல் அதை 500 ஆக உயர்த்தியபோது, திரும்பப் பெறுவதற்குத் தேவையான வாக்கு அளவை எட்டில் ஒன்றிலிருந்து ஐந்து சதவீதமாகத் தாழ்த்தியது. ஜெர்மனியில் தொகுதியில் நிற்கும் சுயேச்சை பணம் கட்டுவதில்லை; இருநூறு வாக்காளர்களின் கையொப்பம் வேண்டும். பணத்தைக் கேட்பது வேட்பாளரின் வசதியை அளக்கிறது. கையொப்பம் கேட்பது அவருக்குப் பின்னால் நிற்பவர்களை அளக்கிறது. நமது சட்டம் இரண்டையும் கேட்கிறது. ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காதவரின் பணத்தையும் எடுத்துக்கொள்கிறது. கையொப்ப முறையே நேர்மையானது என்பது நம் எண்ணம். மொடக்குறிச்சிக்காரர்களுக்குக் கையொப்பத்துக்கா பஞ்சம்!

2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 'நோட்டா' வந்தது. மறுப்பைப் பதிவுசெய்ய அதில் இடமுண்டு. மறுப்பின் காரணத்தைச் சொல்ல இடமில்லை. தண்ணீர் கேட்பவனும் விலை கேட்பவனும் அதில் ஒரே எண்ணிக்கையில் கரைந்துபோகிறார்கள்.

அதனால்தான் போலும், பழைய உபாயம் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் உயிர்பெற்றது. விளைவது அங்கும் ஈரோட்டுக்காரர்களுக்கு நன்கு பழக்கமான மஞ்சள்தான். மஞ்சள் வாரியமும் நல்ல விலையும் கேட்டு விவசாயிகள் பெருந்திரளாக மனுத்தாக்கல் செய்ய, களத்தில் 185 பேர் நின்றார்கள். மக்களவைக்கான வைப்புத்தொகை அப்போது 25,000 ரூபாய். இம்முறை ஆணையம் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பன்னிரண்டு வாக்குப்பதிவு அலகுகளை வரிசையாக அடுக்கியது. முதலமைச்சரின் மகளான கவிதா தோற்றார். வாரியம் கொண்டுவருவதாக வாக்களித்த பா.ஜ.க. வேட்பாளர் வென்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில், நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது.