பாடசாலைக் கட்டடமும் நகர முதல்வரும்: நியூயோர்க் சாசனப் பாடசாலைப் பிணக்கின் வரலாறு

கல்வி தொடர்பான பிணக்குகள் பெரும்பாலும் பாடவிதானம், போதனாமொழி, ஆசிரியர் நியமனம் என்பன பற்றியே எழுவது வழக்கம். ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த பிணக்கோ வகுப்பறைகளின் இடத்தைப் பற்றியது. ஒரு பொதுக் கட்டடத்தின் எந்த மாடியில் எந்தப் பாடசாலை இயங்குவது என்ற வினா, நகர முதல்வரையும் மாநில ஆளுநரையும் எதிரெதிரே நிறுத்தியது; ஆயிரக்கணக்கான பெற்றோரை மாநிலத் தலைநகருக்கு அழைத்துச் சென்றது; ஈற்றில் மாநிலச் சட்டத்தையே மாற்றியது. சாசனப் பாடசாலைகளை ஆதரிப்போருக்கும் எதிர்ப்போருக்கும் இடையிலான போராகவே இதனைக் கண்டோர் பலர். வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து இதற்கு மேலும் ஒரு பொருள் இருத்தல் புலனாகும். ஊரின் பாடசாலையைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் ஊரைவிட்டுப் படிப்படியாக மேலே சென்றமையே அப்பொருளாகும்.

சாசனப் பாடசாலை என்னும் எண்ணம்

சாசனப் பாடசாலை என்பது அரசாங்கப் பணத்தில் இயங்குவது, கட்டணம் அறவிடாதது, ஆனால் வழமையான கல்வி நிருவாகத்தின் கீழ் வராமல், தனக்கென அமைந்த ஒரு சபையினால் நடத்தப்படுவது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அதற்கு ஒரு சாசனம் வழங்கப்படும். மாணவர் தேர்ச்சி பற்றி அச்சாசனத்திற் கூறிய உறுதிமொழிகளை நிறைவேற்றாவிடின் சாசனம் புதுப்பிக்கப்படமாட்டாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் திருவுளச்சீட்டு மூலமே மாணவர் சேர்க்கப்படுவர்.

இவ்வெண்ணத்தை நாடறியச் செய்தவர் ஆசிரியர் தொழிற்சங்கத் தலைவரான அல்பேட் ஷங்கர் என்பது வியப்புக்குரியது. 1988ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஆற்றிய உரையொன்றில், ஆசிரியர் குழுவினர் தாமே புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பாடசாலைகளை அமைக்க இடமளிக்கவேண்டும் என்று அவர் முன்மொழிந்தார். 1991ஆம் ஆண்டில் மினசோட்டா மாநிலம் முதலாவது சாசனப் பாடசாலைச் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே சென்ற் போல் நகரில் முதலாவது பாடசாலை திறக்கப்பட்டது. ஆனால் ஆசிரியர் கைகளில் இருக்கவேண்டுமென ஷங்கர் கருதிய இம்முயற்சி, தொழிற்சங்கத்துக்குப் புறம்பான அமைப்புக்களின் கைக்குச் செல்வதைக் கண்டு அவரே பின்னர் அதனைக் கண்டிக்கலானார்.

நியூயோர்க் மாநிலத்தில் இச்சட்டம் 1998ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. சட்டமன்ற உறுப்பினர்கள் தமது சம்பள உயர்வை நாடி நின்ற வேளையில், ஆளுநர் ஜோர்ஜ் பட்டாக்கி அதனை இச்சட்டத்தோடு பிணைத்துப் பேரம் பேசியமையே அதற்கு வழிசெய்தது. மாநிலம் முழுவதிலும் புதிதாக 100 பாடசாலைகள் என்னும் உச்சவரம்பு அப்போது விதிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அது 200 ஆகவும், 2010ஆம் ஆண்டில் 460 ஆகவும் உயர்த்தப்பட்டது. நியூயோர்க்கில் இப்பாடசாலைகளின் பிறப்பே அரசியற் பேரத்தோடு இணைந்திருந்தமை பின்னிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள உதவும்.

ஊர்ச் சபைகளிலிருந்து நகர முதல்வருக்கு

நகரின் கல்வியதிகாரம் யார் கையில் இருக்கவேண்டும் என்ற வினா சாசனப் பாடசாலைகளுக்கு மிக முந்தியது. 1967ஆம் ஆண்டில் புறூக்லினின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் பகுதியில், பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரமொன்றில், பாடசாலைகளை உள்ளூர்ச் சபையே நடத்தும் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அச்சபை 19 ஆசிரியர்களையும் நிருவாகிகளையும் தம் பாடசாலைகளிலிருந்து அகற்ற முற்பட்டது. நகர முதல்வர் ஜோன் லின்ட்சியின் காலத்தில் நிகழ்ந்த அப்பிணக்கு, அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் நகரெங்கும் ஆசிரியர் வேலைநிறுத்தமாக வெடித்தது. அவ்வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவரும் ஷங்கரே. கறுப்பினப் பெற்றோருக்கும், பெரும்பான்மையும் வெள்ளையரான, அவருள் யூதர் பலரைக் கொண்ட ஆசிரியர் சமூகத்துக்கும் இடையே அது விட்டுச்சென்ற வடு நெடுங்காலம் ஆறவில்லை.

1969ஆம் ஆண்டின் சட்டம் ஒரு சமரசமாக அமைந்தது. அதன்படி வட்டாரந்தோறும் மக்கள் தெரிவுசெய்யும் கல்விச் சபைகள் தோன்றின. ஆனால் அச்சபைத் தேர்தல்களில் வாக்களித்தோர் மிகச் சிலரே. சில சபைகளில் உறவினருக்கு வேலை வழங்கலும் ஊழலும் மலிந்தன. 1996ஆம் ஆண்டில் அவற்றின் நியமன அதிகாரம் குறைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டிற் பதவியேற்ற நகர முதல்வர் மைக்கல் புளூம்பேர்க், சிதறிய அதிகாரத்தினால் எவரும் பொறுப்பேற்பதில்லை என்றும், தம்மிடம் அதனை ஒப்படைத்தால் வெற்றிதோல்விகளுக்குத் தாமே விடையளிப்பதாகவும் வாதிட்டார். மாநிலச் சட்டமன்றமும் அதற்கு இணங்கியது. பழைய கல்விச் சபையின் இடத்தில் 13 உறுப்பினர் கொண்ட கல்விக் கொள்கைக் குழு அமைந்தது. அவர்களுள் எண்மரை நகர முதல்வரே நியமித்தார்.

இக்குழுவின் உண்மையான நிலை 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்பிலிருந்து வகுப்பேற்றுவதற்குப் பரீட்சைப் புள்ளியை அடிப்படையாக்கும் திட்டத்துக்கு எதிராக உறுப்பினர் சிலர் வாக்களிக்கவிருந்தனர். வாக்கெடுப்பு நிகழவிருந்த நாளிலேயே நகர முதல்வர் தாம் நியமித்த இருவரை மாற்றினார். ஸ்ரேற்றன் ஐலன்ட் பிரிவின் தலைவரும் தம் உறுப்பினரை மாற்றினார். திட்டம் நிறைவேறியது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட ஒரு கல்வி முறைமை, ஒரு பதவியின் விருப்பத்தினால் இயங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு கூரையின் கீழ் இரு பாடசாலைகள்

புளூம்பேர்க்கும், அவர் நியமித்த தலைமைக் கல்வி அதிகாரி ஜோயல் கிளைனும் சாசனப் பாடசாலைகளை வளர்ப்பதிற் பேரார்வம் காட்டினர். அவர் பதவியேற்றபோது நகரில் இருபதுக்கும் குறைவாக இருந்த அப்பாடசாலைகள், 2013-14 கல்வியாண்டில் 183 ஆகப் பெருகின. நியூயோர்க்கில் நிலத்தின் விலையும் வாடகையும் மிக உயர்ந்தவை. சாசனப் பாடசாலைக்குக் கட்டடம் தேடுவது பெருஞ்சுமை. நகர நிருவாகம் தன் பாடசாலைக் கட்டடங்களில் மாணவர் குறைந்த மாடிகளை அவற்றுக்கு வாடகையின்றி வழங்கியது. பெரும்பான்மையான சாசனப் பாடசாலைகள் இவ்வாறே இடம்பெற்றன.

இவ்வேற்பாட்டினால் ஒரே வாயிலையும் ஒரே படிக்கட்டையும் இரண்டு, மூன்று பாடசாலைகள் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. நூலகத்தை எவர் எந்நேரம் பயன்படுத்துவது, எந்தப் பிள்ளைகள் முற்பகலிலேயே மதிய உணவு உண்பது என்பன நாளாந்தப் பிரச்சினைகளாயின. நன்கொடையாளரின் ஆதரவைப் பெற்ற பாடசாலையின் மாடி புதுவண்ணம் பூண்டிருக்க, அடுத்த மாடி பழைய நிலையிலேயே கிடந்தது. 2010ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இதனை நேரடியாகவே கவனத்திற் கொண்டது. சாசனப் பாடசாலை தன் பகுதியில் 5,000 டொலருக்கு மேற்பட்ட திருத்தவேலை செய்தால், அக்கட்டடத்திலுள்ள ஏனைய பாடசாலைகளுக்கும் அதற்குச் சமமான தொகை செலவிடப்படல் வேண்டும் என்று அது விதித்தது. இவ்வாறான விதியொன்று தேவைப்பட்டமையே அங்கு நிலவிய மனக்கசப்பின் அளவைக் காட்டும்.

இப்பிணக்கின் நடுவே நின்ற அமைப்பு சக்சஸ் அக்கடமி ஆகும். அதனை நிறுவிய ஈவா மொஸ்கோவிற்ஸ் முன்னர் நகர சபையின் உறுப்பினராகவும் அதன் கல்விக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். ஆசிரியர் ஒப்பந்தங்களின் விதிகளைப் பகிரங்க விசாரணைக்கு உட்படுத்தித் தொழிற்சங்கத்தின் பகையைத் தேடிக்கொண்டவர். 2005ஆம் ஆண்டில் மன்ஹற்றன் பிரிவுத் தலைவர் பதவிக்கான கட்சித் தெரிவிலே தோல்வியுற்ற பின், 2006ஆம் ஆண்டில் ஹார்லத்தில் தம் முதற் பாடசாலையைத் திறந்தார். அவ்வமைப்பின் மாணவர் மாநிலப் பரீட்சைகளில் நகரின் சராசரியை மிக விஞ்சினர். அதன் கடும் ஒழுக்கவிதிகளும் இடையில் விலகும் மாணவர் பற்றிய முறைப்பாடுகளும் அதே அளவுக்கு விவாதிக்கப்பட்டன.

2011ஆம் ஆண்டில் ஆசிரியர் சங்கமும், கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909ஆம் ஆண்டிலே தோன்றிய தேசிய சங்கமும் இக்கட்டடப் பகிர்வை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. அவ்வழக்கைக் கண்டித்து ஹார்லத்திற் கூடியோரும் பெருமளவில் கறுப்பினப் பெற்றோரே. கட்டடத்தை இழந்துவிடுவோம் என்று அஞ்சியவரும் கட்டடம் கிடைக்காது என்று அஞ்சியவரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தவர்கள். தீர்மானம் செய்தவர்களோ வேறிடத்தில் இருந்தனர்.

2014ஆம் ஆண்டு

2013ஆம் ஆண்டுத் தேர்தலில் வெற்றிபெற்ற பில் டி பிளாசியோ, கட்டடப் பகிர்வை இடைநிறுத்துவதாகவும், வசதி படைத்த சாசனப் பாடசாலைகளிடம் வாடகை அறவிடுவதாகவும் கூறி வந்தவர். மொஸ்கோவிற்ஸ் பெற்றிருந்த செல்வாக்கையும் பெயர் சுட்டிக் கண்டித்தவர். தேர்தலுக்கு முன்னரே, அக்டோபர் 8ஆந் தேதி, சாசனப் பாடசாலைப் பெற்றோரும் மாணவரும் புறூக்லின் பாலத்தின்மீது ஊர்வலமாகச் சென்றனர். அதே மாதங்களில், விடைபெறவிருந்த புளூம்பேர்க்கின் குழு புதிய பகிர்வுத் திட்டங்கள் பலவற்றுக்கு அவசரமாக ஒப்புதல் அளித்தது. ஒருவர் அதிகாரம் முடியுமுன் கட்ட முயன்றதை மற்றவர் அதிகாரம் ஏற்றதும் அவிழ்க்க முயன்றார். இருவரும் பயன்படுத்திய கருவி ஒன்றே.

2014ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் தேதி நகர நிருவாகம் தன் மீளாய்வின் முடிவை வெளியிட்டது. சாசனப் பாடசாலைகள் சம்பந்தப்பட்ட 17 திட்டங்களில் 14 நிலைத்தன, மூன்று மீளப்பெறப்பட்டன. அம்மூன்றும் சக்சஸ் அக்கடமிக்கு உரியவை. அவற்றுள் இரண்டு, தொடக்கப் பாடசாலைகளை உயர்நிலைப் பாடசாலைக் கட்டடங்களில் அமைக்கும் திட்டங்கள். சிறுவரை வளர்ந்த மாணவரோடு ஒரே கட்டடத்தில் வைத்தல் தகாது என்பது கூறப்பட்ட காரணம். மூன்றாவது ஹார்லத்தைச் சேர்ந்தது. அங்கு 194 மாணவர் இடமின்றி நிற்கும் நிலை தோன்றியது. அவர்களுக்கு இடமளித்தால் அதே கட்டடத்தில் இயங்கிய விசேட தேவையுடைய பிள்ளைகளின் பாடசாலை சுருங்கிவிடும் என்று நிருவாகம் விளக்கியது. இரு தரப்பினரின் குறையும் மெய்யானது. இப்பிணக்கின் துயரமும் அதுவே.

எதிர்விளைவு விரைந்து வந்தது. பல மில்லியன் டொலர் செலவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஒளிபரப்பாகின. மார்ச் 4ஆந் தேதி சக்சஸ் அக்கடமி தன் பாடசாலைகளை மூடி, மாணவரையும் பெற்றோரையும் தலைநகர் அல்பனிக்கு அழைத்துச் சென்றது. ஆளுநர் அன்ட்ரூ குவோமோ அக்கூட்டத்தில் தோன்றிச் சாசனப் பாடசாலைகளைக் காப்பதாக உறுதியளித்தார். அதே நாளில், அதே நகரில், பாலர் கல்வியை விரிவுபடுத்தச் செல்வந்தர்மீது வரி விதிக்கவேண்டும் என்று கோரும் கூட்டத்தில் நகர முதல்வர் உரையாற்றிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே கட்சியினர்.

மார்ச் இறுதியில் நிறைவேறிய மாநில வரவு செலவுத் திட்டம் பிணக்கைத் தீர்த்தது. நகர முதல்வர் கோரிய வரி மறுக்கப்பட்டது. எனினும் பாலர் கல்விக்கென நகருக்கு 300 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. நகரக் கட்டடங்களிலுள்ள சாசனப் பாடசாலைகளிடம் வாடகை அறவிடல் தடுக்கப்பட்டது. புதிய, விரிவடையும் சாசனப் பாடசாலைகளுக்கு நகரம் இடமளிக்கவேண்டும், அன்றேல் வெளியிடத்துக்கான வாடகைக்கு உதவவேண்டும் என்று சட்டமாயிற்று. ஏப்ரல் மாதத்தில், மூன்று பாடசாலைகளுக்கும் மூடப்பட்ட கத்தோலிக்கப் பாடசாலைகளின் கட்டடங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன.

முடிவுரை

மேற்கூறிய நிகழ்ச்சிகளிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். நிருவாகத் தளையிலிருந்து விடுதலை பெறுவதே சாசனப் பாடசாலையின் நோக்கம். ஆனால் நியூயோர்க்கில் அது ஒரு நகர முதல்வரின் தயவில் இடம்பெற்றது. ஆகவே அடுத்த நகர முதல்வரின் தயவின்மையால் இடமிழக்கும் நிலைக்கு ஆளானது. சாசனத்தில் எழுதப்பட்ட சுதந்திரம் கட்டடத்தின் திறவுகோலைத் தரவில்லை. பதவியொன்றுக்கு வழங்கப்படும் அதிகாரம் அதனை வகிப்பவரின் நல்லெண்ணத்தை மனத்திற்கொண்டு வழங்கப்படுகின்றது. பின்னர் அது எவர் கைக்கும் செல்லும்.

இரண்டாவது முடிபு இதனிலும் பாரியது. 2002ஆம் ஆண்டில் வட்டாரத்திலிருந்து நகர மண்டபத்துக்குச் சென்ற தீர்மானம், 2014ஆம் ஆண்டில் அங்கிருந்து அல்பனிக்குச் சென்றது. அதன் பின்னர் நகர முதல்வரின் கல்வியதிகாரத்தையே மாநிலச் சட்டமன்றம் ஓரோர் ஆண்டுக்கு மட்டும் நீடித்துப் பேரம் பேசிய காலமும் வந்தது. 2022ஆம் ஆண்டில் குழுவின் உறுப்பினர் தொகை 23 ஆக்கப்பட்டு, வட்டாரப் பெற்றோர் மன்றங்களின் சார்பில் ஐவருக்கு இடமளிக்கப்பட்டமை, பழைய வினா இறந்துவிடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

உள்ளூர்ச் சபைகள் குறையற்றவையாக இருந்தன என்று கூறுவதற்கில்லை. அவற்றின் ஊழலே அதிகாரக் குவிப்புக்கு வழிவகுத்தது. ஆயினும் ஒரு மாடியை இரு பாடசாலைகள் எவ்வாறு பகிர்வது என்பதை, அப்படிக்கட்டில் நாள்தோறும் ஏறியிறங்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்மானிக்கும் மன்றம் எதுவும் இவ்வரலாற்றில் வலிமையோடு நிலைத்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ஊர்வலங்களும் பேருந்துப் பயணங்களும் நீதிமன்றப் படிகளுமே. வெற்றி ஒரு தரப்புக்கும் தோல்வி மறு தரப்புக்கும் மாறிமாறி வந்தன. தீர்மானிக்கும் உரிமை மட்டும் இரு தரப்பினருக்குமே வந்து சேரவில்லை.