சுவர் மலையில், ஓவியம் மியூசியத்தில்: 900 ஆண்டுப் பழைய கிராமத் தேவாலயம் பிரிந்த கதை

ஸ்பெயினின் வடக்கே, கேட்டலோனியாவின் பைரனீஸ் மலைப்பகுதியில் தாவுல் என்று ஒரு சின்ன கிராமம். அங்குள்ள சான்ட் கிளிமென்ட் தேவாலயத்துக்காக வரையப்பட்ட கிறிஸ்து ஓவியம், ஐரோப்பிய இடைக்காலக் கலையின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அதைப் பார்க்க நீங்கள் தாவுலுக்குப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். ஓவியம் இருப்பது பார்சிலோனா மியூசியத்தில். ஏன் இப்படி?

எப்போது கட்டப்பட்டது?

தேதியே கிடைக்கிறது. 1123 டிசம்பர் 10 அன்று ஆயர் ரமோன் இதை அர்ப்பணித்தார். உள்ளே ஒரு தூணில் எழுதப்பட்ட குறிப்பு அதைச் சொல்கிறது. மறுநாளே அதே ஊரில் சான்டா மரியா தேவாலயத்தையும் அவர் அர்ப்பணித்தார். ஒரே கிராமம், அடுத்தடுத்த நாளில் இரண்டு தேவாலயங்கள்!

'ரோமனெஸ்க்' என்றால் என்ன?

கோதிக் பாணிக்கு முன், 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவலாக இருந்த கட்டடக் கலை. அரைவட்ட வளைவு, தடித்த கல்சுவர், சின்னச் சின்ன ஜன்னல், இதுதான் அடையாளம். சான்ட் கிளிமென்ட்டின் உட்புறத்தை உருண்டைத் தூண்கள் மூன்று நீள்பகுதிகளாகப் பிரிக்கின்றன. மேலே மரக்கூரை. பக்கத்தில் ஆறு அடுக்கு மணிக்கோபுரம். அதன் சுவரில் வரிசையாக ஓடும் குட்டி வளைவுகள் இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியிலிருந்து வந்த பாணி.

கிழக்குக் கோடியில் மூன்று அரைவட்ட மாடங்கள். ஜன்னல் சிறியது என்பதால் வெற்றுச் சுவர் நிறைய கிடைத்தது. நடு மாடத்தின் குழிந்த கூரையில்தான் கிறிஸ்துவை வரைந்தார்கள். கீழே நிற்பவரை அவர் குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். அதாவது, இது சுவரில் மாட்டிய படம் இல்லை, கட்டடத்தின் ஒரு பாகம்.

அப்படின்னா ஏன் பெயர்த்தார்கள்?

1907-இல் கட்டடக் கலைஞர் புய்க் இ கடஃபால்க் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இந்தப் பகுதிக்கு வந்து தேவாலயங்களை ஆவணப்படுத்தியது. உலகம் கவனித்தது. கலைப்பொருள் வியாபாரிகளும் கவனித்தார்கள். 1919-இல் கேட்டலோனியாவின் இன்னொரு தேவாலயமான சான்டா மரியா தெ முர்-இன் ஓவியங்கள் விற்கப்பட்டது தெரியவந்தது. அவை இன்று அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கின்றன.

அடுத்தது தாவுலாக இருக்கலாம் என்ற பயம் வந்தது. பார்சிலோனாவின் மியூசிய வாரியம் முந்திக்கொண்டு, 1919 முதல் 1923 வரை மலைத் தேவாலயங்களின் ஓவியங்களைப் பெயர்த்து எடுத்தது.

சுவர் ஓவியத்தை எப்படிப் பெயர்ப்பது?

இத்தாலிய நிபுணர்கள் வந்தார்கள். ஓவியத்தின்மேல் பசையால் துணி ஒட்டுவார்கள். காய்ந்ததும் துணியை உரித்தால் வண்ணப் படலம் அதோடு வந்துவிடும். பிறகு அதைப் புதிய துணிக்கு மாற்றுவார்கள். ஓவியம் பிழைத்தது, கட்டடம் தன் பாதியை இழந்தது.

இப்போது என்ன நிலை?

2000-இல் சான்ட் கிளிமென்ட் உட்பட போயி பள்ளத்தாக்கின் ஒன்பது தேவாலயங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சான்ட் கிளிமென்ட்டின் மாடத்தில் நீண்டகாலம் ஒரு நகல் ஓவியம் இருந்தது. 2013-இல் அதை அகற்றினார்கள். சுவரில் மிச்சமிருந்த அசல் துண்டுகள் இப்போது தெரிகின்றன. முழு ஓவியம் புரொஜெக்டர் ஒளியில் சில நிமிடங்கள் அங்கே தோன்றி மறைகிறது.

பார்சிலோனாவிலோ, அசல் ஓவியத்தைத் தட்டையாக வைக்க முடியாது. அதனால் தேவாலய மாடத்தின் அதே வளைவில் ஒரு சட்டகம் செய்து, அதில் பொருத்தியிருக்கிறார்கள். மலையில் ஓவியத்துக்குப் பதில் வெளிச்சம், நகரத்தில் சுவருக்குப் பதில் சட்டகம். விற்பனையிலிருந்து காப்பாற்ற அன்று வேறு வழி இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். பாஸ்டனுக்குப் போன ஓவியங்களை நினைத்தால், பெயர்த்தவர்களைக் குறை சொல்வது கஷ்டம்தான்.