முகவரி மாறினால் ஒரு மின்னஞ்சல்: ஓ.சி.ஐ. விதிக்கு ஒரு விளக்கவுரை

புதுச்சேரியின் மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர்ப் பக்கங்களில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிரான்சில் உழைத்து ஓய்ந்து ஊர் திரும்பியவர்கள். 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தம், இங்கே பிறந்து அன்று வெளிநாட்டில் குடியிருந்தவர்களைப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே வைத்தது. உள்ளூரில் இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே தொடர விரும்பினால் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் தந்தது. அதனால் மடுகரையில் பிறந்தவரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவராக இருக்கலாம்.

பிள்ளைகளைப் பார்க்கப் பாரிசு போய்த் திரும்பும்போதெல்லாம் இவர்கள் வீட்டில் எழும் கேள்வி, “வந்ததை ஆபீசுல எழுதிக்கொடுக்கணுமா?” என்பது. ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை உள்ளவர்களுக்கு விடை, உள்துறை அமைச்சகம் 2021 மார்ச் 4-இல் வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கிறது. அதன் கருத்தை நான்கு கூறாகப் பிரித்துப் பொருள் காண்போம்.

1. “ஓ.சி.ஐ. அட்டைதாரர் இந்தியாவில் எத்தனை காலம் தங்கினாலும் பதிவு செய்யத் தேவையில்லை.”

இதுவே தலைமை விதி. பின்வருவன இதற்கு வரம்பு கட்டுவன. ஆறு மாதம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தாலும், ஆறு வாரத்தில் வந்தாலும், பழைய வீட்டுக்கே திரும்புகிறவர் வந்த செய்தியைப் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு இந்த அட்டை? குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்லும் தகுதிகளில் ஒன்று, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவராக இருத்தல். புதுச்சேரி மண்ணுக்கு அப்படியே பொருந்தும் வரி இது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை இந்தத் தகுதி நீள்கிறது.

2. “ஆயினும், இந்தியாவில் வழக்கமாக வசிப்போர்…”

கடமை யாருக்கு என்பதை இந்தக் கூறு வரையறுக்கிறது. பொங்கலுக்கு வந்து மாசி மகம் முடிந்ததும் பிரான்சு திரும்புகிறவர் விருந்தாளி. அவரை இது சுட்டாது. ஆண்டின் பெரும்பகுதி மடுகரை வீட்டில் இருந்து, இடையே பேரப்பிள்ளைகளைப் பார்த்து வருகிறவரைச் சுட்டும் என்று கொள்வதே பொருந்தும்.

3. “…நிரந்தர வசிப்பிட முகவரியோ தொழிலோ மாறும்போதெல்லாம்…”

கடமை பிறக்கும் நேரம் இது. மாற வேண்டியது வசிப்பிடம். பயணம் வசிப்பிடத்தை மாற்றுவதில்லை. மருத்துவமனையில் பத்து நாள் கிடந்தாலும், தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் காரைக்காலில் தங்கினாலும் நிரந்தர முகவரி மடுகரைதான். ஆனால் துணையை இழந்த பெரியவர், பெட்டி படுக்கையோடு மகள் வீட்டுக்கே குடிபோனால் முகவரி மாறிவிட்டது. பிரான்சிலிருந்து வந்து பழைய வீட்டை விட்டு வேறு வீட்டில் குடியேறினாலும் அப்படியே.

தொழிலுக்கும் இதே அளவுகோல். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் கடை வைத்தாலோ வேலைக்குச் சேர்ந்தாலோ அதையும் தெரிவிக்க வேண்டும்.

4. “…அந்த வட்டாரப் பதிவு அலுவலருக்கு மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும்.”

தெரிவிப்பது மட்டுமே கடமை, அனுமதி கேட்பதன்று. நேரில் போய்க் காத்திருக்கவும் விதி சொல்லவில்லை. பெயர், பாஸ்போர்ட் எண், ஓ.சி.ஐ. எண், பழைய முகவரி, புது முகவரி, குடிமாறிய நாள் ஆகியவற்றை எழுதலாம்.

‘அந்த வட்டாரம்’ என்பதை எங்கள் பக்கத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மடுகரையைச் சுற்றித் தமிழ்நாட்டு எல்லை ஓடுகிறது. பக்கத்துச் சிறுவந்தாடு விழுப்புரம் மாவட்டம். நடந்துபோகும் தூரத்தில் குடிமாறினாலும், புதுச்சேரி அலுவலரின் வரம்பிலிருந்து தமிழ்நாட்டு அலுவலரின் வரம்புக்குள் போய்விடுகிறீர்கள். இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மடலை அனுப்பிவிடுவது நல்லது.

அட்டை இல்லாதவர்க்கு

விசாவில் இருப்பவர்க்கு மேலே சொன்ன சலுகை கிடையாது. 1939-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த 1992-ஆம் ஆண்டு விதிகளின்படி, 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிய வேண்டியிருந்தது. பதிந்த முகவரியை விட்டுத் தொடர்ந்து எட்டு வாரமோ அதற்கு மேலோ அகல்வதானால் போகுமுன் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிய நாளையும் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. ஆகவே விசாக்காரர் பயணச்சீட்டு எடுக்குமுன் இன்றைய நடைமுறையை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது அவசியம்.

புறனடை

ஓ.சி.ஐ. அட்டைதாரர் முகவரியோடு சேர்த்து நினைக்க வேண்டியது பாஸ்போர்ட். 2021 ஏப்ரலில் எளிதாக்கப்பட்ட முறைப்படி, 50 வயது நிறைந்தபின் வாங்கும் புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புதுப் படத்தையும் ஒருமுறை இணையத்தில் ஏற்ற வேண்டும். கெடு மூன்று மாதம்.

இந்த வேலைகளைப் பெரியவர்கள் தலையில் கட்டக் கூடாது. கணினி தெரிந்த பிள்ளைகள் செய்ய வேண்டியவை இவை. அனுப்பிய மடலை அச்செடுத்துப் பாஸ்போர்ட் உறையிலேயே வையுங்கள். ஆண்டுக்கணக்கில் மறந்த ஒரு முகவரி, வயதான காலத்தில் அவர்களை அலுவலக வாசலில் நிற்கவைத்துவிடக் கூடாது. இந்த மண்ணில் காலமெல்லாம் தங்கும் உரிமையைத் தந்த சட்டம், பதிலுக்குக் கேட்பவற்றில் ஒன்று, எங்கே இருக்கிறீர்கள் என்பது. அதைத் தட்டாமல் சொல்லிவிடுவோம்.