இருவாழ்விகளின் கருவளர்ச்சியில் வெப்பத்தின் தாக்கம்

தவளை, தேரை, சாலமாண்டர் முதலிய இருவாழ்விகளின் முட்டைக்கு ஓடில்லை. சூட்டைவிட்டு விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை. சூடு கூடினால் கரு விரைந்து வளரும், குட்டை வற்றுமுன் தலைப்பிரட்டை வெளிவந்துவிடும், ஆகவே வெப்பம் நன்மையே என்று வாதிடலாம். ஓர் எல்லைவரை அது சரிதான். அந்த எல்லை இனத்துக்கு இனம் மாறுவதை ஆய்வாளர் ஜான் மூர் 1939இல் காட்டினார்: வட அமெரிக்காவில் பனி உருகியதும் முட்டையிடும் காட்டுத் தவளையின் கரு ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்கு மேல் இயல்பாக வளர்வதில்லை, கோடையில் முட்டையிடும் பச்சைத் தவளையின் கருவோ ஏறத்தாழ 32 பாகை வரை தாங்கும்.

எல்லை கடந்தபின் கேடு எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் இராது. தொடக்கநிலைச் செல்பிளவும் குடற்குழி உருவாகும் பருவமுமே மிக நொய்மையானவை. எடுத்துக்காட்டாக, செனோப்பஸ் தவளைக் கருவின் மரபணுக்கள் ஏறத்தாழ 12 செல்பிளவுகள் வரை பெரும்பாலும் செயல்படுவதில்லை. எனவே சூடுபட்டதும், செல்லைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் புதிதாக ஆக்க அதுவரை கருவால் இயலாது. தாய் முட்டையில் வைத்ததே கைமுதல். ஆக்சிஜன் தேவையும் சூட்டில் கூடுகிறது, நீரில் அது கரைவதோ குறைகிறது. முட்டைத்திரளின் நடுவிலுள்ள கருக்களே முதலில் திணறும். நரம்புக்குழல் மூடாமை, வளைந்த உடல் ஆகியவை வழக்கமான ஊனங்கள். நீரின் சராசரி வெப்பம் எல்லைக்குள்தானே இருக்கிறது என்ற மறுப்பு வலுவற்றது: ஆழமற்ற குட்டையில் நண்பகலின் சில மணி நேரச் சூடு நொய்மையான கட்டத்தோடு சேர்ந்துவிட்டால் அதுவே போதும்.