கண்காணிப்பாளர் இருக்கையிலிருந்து துணைவேந்தர் இருக்கைக்கு: பெங்களூர் மனநல நிறுவனத்தின் மருத்துவத் தலைமையும் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும்

ஆய்வுச் சுருக்கம்

மனநல மருத்துவர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைமைக்கு உயர்வது உலக அளவில் அரிது. இந்தியாவில் அது நிகழ்ந்த முறை தனித்தன்மை உடையது. மருத்துவர் பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லவில்லை. அவர் பொறுப்பிலிருந்த மருத்துவமனையே பல்கலைக்கழகமாக மாறியது. பெங்களூர் மனநோய் மருத்துவமனை நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகி, 1994இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற வரலாற்றை எம். வி. கோவிந்தசாமி, எஸ். எம். சன்னபசவண்ணா ஆகிய இருவரின் பணிவாழ்வின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அதைவிட மூத்த சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை அப்பாதையில் செல்லாமைக்கான காரணங்களும் நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மனநல மருத்துவ வரலாறு, நிம்ஹான்ஸ், கீழ்ப்பாக்கம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மருத்துவத் தலைமை

முன்னுரை

மருத்துவர்கள் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களாவது தமிழகத்திற்குப் புதிதன்று. மகப்பேறு மருத்துவரான ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அறுவை மருத்துவம், உடற்கூறியல், மருந்தியல் முதலிய துறைகளைச் சார்ந்தோரும் பின்னாளில் இத்தகைய பதவிகளை வகித்துள்ளனர். இந்த வரிசையில் மனநல மருத்துவரைக் காண்பது கடினம். அத்துறையினரின் பணியிடம் நெடுங்காலம் மருத்துவக் கல்லூரிக்கு வெளியே, உயர்ந்த மதிலுக்குள் இருந்தமையே இதற்கு முதற்காரணம் எனலாம். அவர்களுக்கு வாய்த்த தலைமைப் பதவி கண்காணிப்பாளர் பதவி ஒன்றே. சிறைச்சாலை நிருவாகத்திலும் வழங்கும் பெயர் அது என்பது நினைவுகொள்ளத்தக்கது.

வெளிநாட்டில் இத்தடையைக் கடந்தவர்களுள் நைஜீரியாவின் தாமஸ் அடயோயே லாம்போ குறிப்பிடத்தக்கவர். 1954இல் அபியோகுட்டா நகரின் ஆரோ மனநோய் மருத்துவமனைப் பொறுப்பை ஏற்ற அவர், நோயாளரை உறவினர் ஒருவருடன் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தங்கவைத்து மருத்துவம் அளித்தார். உள்ளூர் மரபு மருத்துவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். 1963இல் இபதான் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியரானார். பின்னர் மருத்துவப் புலத் தலைவரானார். 1968 முதல் 1971 வரை துணைவேந்தராக இருந்தார். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநர் பதவி அதன்பின் வந்தது. மருத்துவமனையிலிருந்து துறைக்கும், துறையிலிருந்து புலத்திற்கும், புலத்திலிருந்து பல்கலைக்கழகத் தலைமைக்கும் அவர் படிப்படியாகச் சென்றார். குடும்பத்தினரை உடன் தங்கவைக்கும் முறை அதே காலத்தில் அமிர்தசரஸில் வித்யாசாகராலும், 1957 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தாலும் கையாளப்பட்டது. ஆயினும் சிகிச்சையில் செய்த புதுமை இந்திய மருத்துவர் எவரையும் லாம்போவைப் போலப் பல்கலைக்கழகத் தலைமைக்குக் கொண்டு சேர்க்கவில்லை. இங்கே வழி வேறாக அமைந்தது.

கோவிந்தசாமியும் இரட்டைப் பொறுப்பும்

பெங்களூரில் மனநோயாளருக்கான காப்பகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேட்டைப் பகுதியில் தோன்றியது. 1925இல் அதற்கு மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் வழங்கப்பட்டது. சென்னைக் காப்பகம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1922இல், அரசு மனநோய் மருத்துவமனையாகிவிட்டது. பெயர் மாற்றத்தில் முந்தியது சென்னை. இடமாற்றத்தில் பெங்களூர் பெற்றதே பெரிது. ஃபிராங்க் நொரோனா கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆட்சியில், நகருக்கு வெளியே ஓசூர் சாலையில் பரந்த வளாகம் எழுந்தது. 1930களின் பிற்பகுதியில் மருத்துவமனை அங்குக் குடிபெயர்ந்தது. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் தலைவர் எட்வர்ட் மேப்போதர் 1937இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்தபோது இந்திய மனநோய் மருத்துவமனைகளையும் பார்வையிட்டார். அவரது பாராட்டைப் பெற்றது பெங்களூர். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் மருத்துவமனைகள் நெரிசலில் திணறிய காலத்தில் மன்னராட்சிப் பகுதி ஒன்று இத்துறையில் முதலீடு செய்தது என்பதைக் கருத்தில் கொள்ளாமல் பின்வந்த வளர்ச்சியை விளக்க இயலாது.

நொரோனாவை அடுத்துப் பொறுப்பேற்றவர் கோவிந்தசாமி. மேலைநாட்டு மனநல மருத்துவப் பயிற்சியும் இந்தியத் தத்துவ மரபில் ஈடுபாடும் ஒருங்கே கொண்டவர் அவர். அன்றைய ஐரோப்பாவில் புதிதாகத் தோன்றிய கார்டியசால் வலிப்பு முறை, இன்சுலின் மயக்க முறை ஆகியவற்றை இந்தியாவில் முன்னதாகக் கையாண்ட மருத்துவமனைகளுள் அவருடையதும் ஒன்று. மூளை அறுவையையும் அவர் காலத்து மருத்துவமனை முயன்று பார்த்தது. இம்முறைகள் பின்னர் கைவிடப்பட்டன; சில கடும் கண்டனத்திற்கும் உள்ளாயின. எனினும் வரலாற்று நோக்கில் அவற்றுக்கு வேறொரு விளைவும் உண்டு. அடைத்துவைத்தலைத் தவிர வேறு பணி அறியாதிருந்த நிறுவனம், பதிவேடு பேணவும் முடிவுகளை ஒப்பிடவும் வெளியிடவும் பழகியது. மருத்துவமனை ஆய்விடமாக மாறத் தொடங்கியது இவ்வழியில்தான்.

1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, இந்தியா முழுமைக்கும் மனநோயாளருக்கான படுக்கைகள் ஏறத்தாழ 10,000 மட்டுமே என்பதைச் சுட்டியது. படுக்கைகளைப் பெருக்குவதோடு பயிற்சி பெற்ற பணியாளர்களை உருவாக்குவதும் இன்றியமையாதது என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அதன் பயனாக 1954இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் பெங்களூர் மருத்துவமனையுடன் இணைத்துத் தொடங்கப்பட்டது. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநரானார். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய மனநல மருத்துவர் வில்லி மேயர்-கிராஸ் ஆலோசகராக வந்து துணை நின்றார். மனநல மருத்துவப் பட்டயமும் மருத்துவ உளவியல் பட்டயமும் 1955 முதல் கற்பிக்கப்பட்டன.

இவ்விடத்தில் ஓர் ஆட்சிமுறைச் சிக்கல் கவனத்திற்குரியது. கற்பிக்கும் நிறுவனம் நடுவண் அரசினுடையது. நோயாளர் படுத்திருந்த மருத்துவமனை மாநில அரசினுடையது. ஒரே வளாகம், இரு முதலாளிகள். கோவிந்தசாமி கண்காணிப்பாளராகவும் இயக்குநராகவும் ஒருசேர இருந்தமையால் இரண்டும் ஒன்றுபோல் இயங்கின. காலையில் நோயாளரைப் பார்த்தவரே பிற்பகலில் பாடத்திட்டத்தை முடிவுசெய்தார் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். 1961இல் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் அவருடைய அறிவுப் பரப்பையே போற்றுகின்றன. அவரது நிலையான பங்களிப்பு அதனினும் எளியது: நோயாளர் கூடத்தையும் வகுப்பறையையும் ஒரே கையில் வைத்திருந்தது.

பெங்களூரில் பயின்று வெளியேறியவர்களுள் தமிழக வரலாற்றுக்கு முக்கியமானவர் எம். சாரதா மேனன். பட்டயப் படிப்பை அங்கு முடித்துத் திரும்பிய அவர், 1961இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதற்பெண் கண்காணிப்பாளரானார்.

இணைப்பும் அதன் விலையும்

1974 டிசம்பர் 27ஆம் நாள் மாநில மருத்துவமனையும் நடுவண் நிறுவனமும் இணைக்கப்பட்டுத் தன்னாட்சி பெற்ற நிம்ஹான்ஸ் உருவாயிற்று. புதிய பெயரில் மனநலத்துடன் நரம்பியலும் இடம்பெற்றது. இணைப்பின்போது இயக்குநர் ஆர். எம். வர்மா, நரம்பியல் அறுவை மருத்துவர். அவரை அடுத்து வந்த ஜி. என். நாராயண ரெட்டியும் அத்துறையினரே. மனநல மருத்துவர் ஒருவர் தோற்றுவித்த நிறுவனம், தன்னாட்சி பெற்றபோது அவருடைய துறையினரின் தலைமையில் இல்லை.

இதனை ஒரு துறையின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. அறுவை அரங்கும் நரம்பியல் ஆய்வகங்களும் அரசின் நிதியை ஈர்த்தன. மனநோய் மருத்துவமனை என்னும் சொல் மக்களிடம் ஏற்படுத்திய அச்சத்தையும் குறைத்தன. தலைவலிக்கும் வலிப்புக்கும் வந்தவர் வரிசையில் மனநோயாளரும் நிற்க முடிந்தது. மனநலத் துறை இதனால் அடைந்த நன்மை மிகுதி. தலைமையைப் பகிர்ந்துகொண்டது அதற்குக் கொடுத்த விலை. இக்காலத்திலேயே ஆர். எல். கபூர் முதலியோரின் முயற்சியால் சமூக மனநல மருத்துவம் பெங்களூரை அடுத்த சக்கலவாராவில் வேரூன்றியது. 1980களில் பெல்லாரியில் நடந்த மாவட்ட அளவிலான சோதனை, 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு முன்மாதிரி ஆயிற்று. தமிழகத்தில் அத்திட்டத்திற்கு முதலில் தேர்வானது திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

சன்னபசவண்ணாவின் காலம்

1989இல் மனநல மருத்துவப் பேராசிரியர் எஸ். எம். சன்னபசவண்ணா இயக்குநரானார். 1994இல் நிம்ஹான்ஸ் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றபோது இயக்குநர் பதவியுடன் துணைவேந்தர் பதவியும் அவரிடம் சேர்ந்தது. பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவே இத்தகுதிக்கு அடிப்படை. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த காட்டாங்கொளத்தூரில் 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2002இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான எஸ்.ஆர்.எம். போன்றவற்றின் வழியாகத் தமிழக வாசகர் அறிந்த பிரிவு அது. அங்கெல்லாம் கல்லூரி வளர்ந்து மருத்துவமனையைக் கட்டியது. பெங்களூரில் காப்பகம் வளர்ந்து பல்கலைக்கழகத்தை ஈன்றது. இவ்வேறுபாடு பெரிதும் பேசப்படாத ஒன்று.

பட்டம் வழங்கும் உரிமை கைவந்ததும் பாடத்திட்டம், தேர்வு, புதிய படிப்பு ஆகியவற்றுக்கு வெளிப் பல்கலைக்கழகத்தை எதிர்நோக்க வேண்டிய நிலை நீங்கியது. ஆயினும் சன்னபசவண்ணாவின் பணியில் மிகுந்த எடையுள்ளது தேசிய மனித உரிமை ஆணையத்திற்காக நிம்ஹான்ஸ் மேற்கொண்டு, 1999இல் வெளியிடப்பட்ட மனநலப் பணித்தர ஆய்வு. அவர் தலைமையேற்று நடத்திய அவ்வாய்வு, நாடெங்கும் 37 மனநோய் மருத்துவமனைகளை நேரில் சென்று ஆராய்ந்தது. அவற்றுள் 38 விழுக்காடு, தொடங்கப்பட்ட காலத்துச் சிறை போன்ற அமைப்பை இன்னும் கைவிடவில்லை என அறிக்கை பதிவுசெய்தது. பல்கலைக்கழகமாகிவிட்ட ஒரு முன்னாள் காப்பகம், காப்பகங்களாகவே நின்றுவிட்ட தன் உடன்பிறப்புகளைச் சோதித்த நிகழ்வு அது. துணைவேந்தர் பதவி மதிப்பு உயர்வாக மட்டும் இருந்திருந்தால் இத்தகைய ஆய்வுக்கு அது பயன்பட்டிருக்காது. ஆணையம் ஒன்று நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதற்குரிய தகுதியை அது வழங்கியது.

அறிக்கை வெளிவந்து இரண்டாண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் இறந்தனர். அறிக்கை ஆராய்ந்தவை அரசு சார்ந்த மனநோய் மருத்துவமனைகள். இறந்தவர்கள் அவ்வரம்புக்கு வெளியே இருந்தனர். தமிழகத்தின் அரசு மனநோய் மருத்துவமனையோ ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னையில் இருந்தது.

கீழ்ப்பாக்கம் ஏன் பல்கலைக்கழகமாகவில்லை

சென்னையின் காப்பகம் 1794இல் அறுவை மருத்துவர் வாலண்டைன் கொனொலியால் தொடங்கப்பட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்திற்கு மாறியது. பெங்களூரைவிட அரை நூற்றாண்டு மூத்த நிறுவனம் அது. பழமையும் நிலமும் நோயாளர் எண்ணிக்கையும் அதற்குக் குறைவில்லை. திறமையும் குறைவில்லை: சாரதா மேனன் 1978 வரை பதினேழு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து, புறநோயாளர் பணியையும் மறுவாழ்வுப் பணியையும் விரிவாக்கினார்.

இல்லாதிருந்தது கோவிந்தசாமிக்கு வாய்த்த இரட்டைப் பொறுப்பு. கீழ்ப்பாக்கத்தின் தலைவர் மாநில மருத்துவப் பணியின் அலுவலர். கற்பித்தல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்திடமும், 1988 முதல் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும் இருந்தது. மூன்று அதிகாரங்களும் மூன்று இடங்களில் நின்றன. 1978இல் மனநல நிறுவனம் என்னும் பெயர் கிடைத்தபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. மக்கள் வழக்கிலும் பெயர் மாறவில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரே வசையாக நிலைத்துவிட்டது. அவ்வசையின் நிழலில் இளம் மருத்துவர் ஒருவர் இத்துறையைத் தேர்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது தனியே ஆராயத்தக்கது. ஓய்வுக்குப் பின் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை (ஸ்கார்ஃப்) சென்னையில் நிறுவினார். பின்னாளில் உலகின் கவனத்தைப் பெற்ற சென்னையின் நீண்டகாலத் தொடர் ஆய்வுகள் அரசு மருத்துவமனையின் பெயரைவிட இவ்வறக்கட்டளையின் பெயருடனேயே இணைத்து அறியப்படுகின்றன.

2012க்குப் பின்

சன்னபசவண்ணாவுக்குப் பின் நிம்ஹான்ஸின் தலைமை மீண்டும் நரம்பியல் துறைக்குச் சென்றது. எம். கௌரிதேவி, டி. நாகராஜா, பி. சதீஷ்சந்திரா ஆகிய மூவரும் நரம்பியல் மருத்துவர்கள். எனினும் துறையை வைத்து அக்கறையை அளந்துவிட முடியாது. மனநலப் பராமரிப்பும் மனித உரிமைகளும் குறித்து 2008இல் மனித உரிமை ஆணையம் வெளியிட்ட நூலை, மனநல மருத்துவர் பிரதிமா மூர்த்தியுடன் சேர்ந்து பதிப்பித்தவர் நாகராஜாவே.

2012ஆம் ஆண்டுச் சட்டம் நிம்ஹான்ஸைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. பட்டம் வழங்கும் உரிமை அதன் சொந்தச் சட்டத்திலிருந்தே பிறந்தது. நிகர்நிலைத் தகுதி தேவையற்றதாயிற்று. நிறுவனத் தலைவர் என்னும் சிறப்புப் பதவி நடுவண் நலவாழ்வு அமைச்சருக்குரியது. தலைமை நிருவாகியைச் சட்டம் இயக்குநர் என்றே அழைக்கிறது. சட்டத்திற்குப் பின் அவ்விருக்கை மீண்டும் மனநல மருத்துவர்களிடம் வந்தது. மின்வலிப்பு மருத்துவத்திலும் யோக ஆய்விலும் அறியப்பட்ட பி. என். கங்காதர் இயக்குநராகப் பணியாற்றியபின் தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைமைக்கும் சென்றார். 2021இல் பொறுப்பேற்ற பிரதிமா மூர்த்தி, அந்த மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைக் கொண்டு அதன் வரலாற்றை எழுதியவர்களுள் ஒருவர்.