பெயர் பொறிக்காத கற்கள்

நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) மதீனாவில் வபாத்தானபோது நிகழ்ந்த ஒரு சம்பவம் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அடக்கம் முடிந்ததும் ஒரு கல்லைக் கொண்டுவருமாறு நபியவர்கள் (ஸல்) ஒருவரைப் பணித்தார்கள். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. நபியவர்களே எழுந்து சென்று, சட்டைக் கைகளை மடித்துவிட்டு, அக்கல்லைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தமது சகோதரரின் கப்றை அறிந்துகொள்ளவும், தமது குடும்பத்தில் மரணிப்போரை அவரருகே அடக்கவுமே அவ்வாறு செய்வதாகக் கூறினார்கள். இதைக் கண்டு சொன்னவர், நபியவர்களின் முன்னங்கைகளின் வெண்மை இன்னமும் கண்ணில் நிற்பதுபோல் இருக்கிறது என்றாராம்.

அந்தக் கல்லில் எழுத்து எதுவுமில்லை. வைத்தவருக்கு அது யாருடையது என்று தெரியும். அவ்வளவே போதுமானதாக இருந்தது. எமது மையவாடிகளில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடப்படும் மீசான் கற்களை இச்செயலின் நீண்ட தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். பெண்ணின் கப்றாயின் நடுவிலும் ஒன்று வைப்போர் உண்டு. வசதியுள்ளோர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் பொறித்தனர். பெரும்பாலோர் கிடைத்த முருகைக்கல்லையோ கருங்கல்லையோ நட்டு, அதற்குமேல் எதையும் எழுதாமல் விட்டனர். கப்றின் மீது எழுதுவதும் கட்டுவதும் ஆகாது என்ற மார்க்க உணர்வும் இதற்குக் காரணம், செலவும் காரணம்.

இவ்விடத்தில் கொழும்பின் பழைய கூபிக் கல்லை நினைவுகூராமல் இருக்க முடியாது. இலங்கை முஸ்லிம்களின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் கல் அது. காலித் இப்னு அபூபகாயா என்பவரின் கப்றுக்குரியது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டு, அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியில் மையவாடியிலிருந்து பெயர்க்கப்பட்டு ஒரு வீட்டின் படிக்கல்லாகப் பயன்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் அதன் பிரதியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சாமுவேல் லீ என்ற அறிஞரின் வாசிப்புடன் 1827இல் ரோயல் ஏசியாற்றிக் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாயிற்று. ஆக, அந்த மனிதரின் பெயர் ஆயிரம் ஆண்டுகள் கடந்து எம்மிடம் வந்துவிட்டது. அவர் உறங்கும் மண் எது என்பது மறைந்துபோயிற்று. எங்கள் ஊரில் நடந்தது இதற்கு நேரெதிரானது.

அதைச் சொல்லுமுன் இன்னொரு விடயம். கல்லில் எழுதாத சமூகம் நாவில் எழுதி வைத்திருந்தது. மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், பின்னர் ஆண்டுக் கத்தம் என்று மௌத்தானவரின் பெயர் சொல்லி யாசீன் ஓதப்பட்டது. ஓதி முடிந்து சோறு பரிமாறும்போது அவருடைய கதைகள் வெளிவரும். கடனுக்கு மாடு வாங்கிய கதை, ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு மன்னாரோடு திரும்பிய கதை, பக்கத்து வீட்டாருடன் வேலிக்குச் சண்டையிட்ட கதை எல்லாம் வரும். பேரப்பிள்ளைகள் சஹனைச் சுற்றியிருந்து கேட்பார்கள். கத்தம் ஓதலாமா கூடாதா என்ற விவாதம் கடந்த சில தசாப்தங்களாக எமது ஊர்களைப் பிரித்திருக்கிறது. அதன் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. நான் அதற்குள் நுழையவில்லை. ஆனால் கத்தம் நின்றுபோன வீடுகளில் அந்தக் கதைகள் இடம்மாறிப் போகவில்லை, நின்றே போயின என்பதை இரு தரப்பாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இழந்தவரைப் பற்றிப் பேசுவது பொறுமைக்கு எதிரானது என்று நினைப்போரும் எம்மிடையே உண்டு. உமர் (ரழி) அவர்களை விடவா நாம் உறுதியானவர்கள்? அவர்களுடைய சகோதரர் ஸைத் (ரழி) யமாமாப் போரில் ஷஹீதானார்கள். கீழைக் காற்று வீசும்போதெல்லாம் ஸைதின் வாசனை தமக்கு வருவதாக உமர் (ரழி) சொல்வார்களாம். கொல்லப்பட்ட தன் சகோதரன் மாலிக்குக்காக மர்ஸியாக்கள் பாடி அழுத முதம்மிம் இப்னு நுவைராவைக் கேட்டுவிட்டு, இப்படிப் பாடும் ஆற்றல் இருந்தால் தாமும் ஸைதுக்காகப் பாடியிருப்பேன் என்றார்கள். உங்கள் சகோதரர் மரணித்தது போல் என் சகோதரனும் மரணித்திருந்தால் நான் அழுதிருக்கவே மாட்டேன் என்று முதம்மிம் பதில் சொன்னார். இதைப்போல் வேறெவரும் தமக்கு ஆறுதல் சொல்லவில்லை என்றார்கள் உமர் (ரழி). அரபு இலக்கியத்தில் மர்ஸியா தனியொரு துறையாக வளர்ந்ததில் வியப்பில்லை.

இனி 1990. அவ்வாண்டு எமக்கு இரண்டு விதமான நினைவிடங்களைத் தந்தது.

ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது விடுதலைப் புலிகள் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். நூறுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். துளைபட்ட சுவர்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டுவைத்தனர் அவ்வூர் மக்கள். ஒவ்வோராண்டும் ஓகஸ்ட் 3 ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூரப்படுகிறது. கல்லில் எழுதத் தயங்கிய சமூகம் சுவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டது எமது வரலாற்றில் புதியது. ஊரார் ஊரிலேயே இருந்தபடியால் அது இயன்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபத்தையாயிரம் பேரளவில் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர்க்கு 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம் கிடைத்தது. வீடு, கடை, நகை, பணம் என்று இழந்தவற்றின் பட்டியல் பலராலும் எழுதப்பட்டாயிற்று. 2011இல் வெளியான மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் விரிவாகப் பேசுகிறது. ஆனால் விட்டுவந்தவற்றில் மையவாடியும் ஒன்று. அதற்கு உறுதிப்பத்திரம் இல்லை, நட்டஈடும் இல்லை. அன்று ஜனாஸாக்களைத் தவிர மற்ற எல்லோரும் ஊரைவிட்டுப் போனார்கள்.

என் உம்மா 1984இல் வபாத்தானார். சோனகத் தெருப் பக்கத்து மையவாடியில் அடக்கம். அவருடைய புகைப்படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அது வீட்டிலேயே இருந்துவிட்டது. 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபின் புத்தளத்திலிருந்து வாப்பாவுடன் போனேன். மையவாடியில் இடுப்பளவு பற்றை. கற்கள் சில சாய்ந்தும் சில புதைந்தும் கிடந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. வாப்பா மதிலோரமாக நின்று, வாய்க்குள் எண்ணியபடி நடக்கத் தொடங்கினார். "இது தையல்கார நானாட உம்மா. இது அவட மகள், பிரசவத்துல மௌத்தானவ. இது யாரெண்டு கேக்காத, அவர் எனக்கு முப்பது ரூபா தரவேணும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஏழாவது வரிசையில் நின்றார். அங்கே நடுக்கல் மட்டும் இருந்தது. குனிந்து அதைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கினார். அன்று நாங்கள் வேறெதுவும் பேசவில்லை.

வாப்பா 2009இல் மௌத்தானார். அவரைப் புத்தளத்தில் அடக்கினோம். அவர் சொல்லிக்கொண்டு நடந்த பெயர்களில் எனக்கு நினைவிருப்பவை பதினான்கு மட்டுமே. யுத்தம் முடிந்த பின்னர் சில குடும்பங்கள் மீளக் குடியேறின. பெரும்பாலானோர் இடம்பெயர்ந்த இடங்களிலேயே வேர்விட்டுவிட்டனர். கற்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் நீர்கொழும்பிலும் புத்தளத்திலும் பாணந்துறையிலும் ஒருவர் பின் ஒருவராக மரணிக்கின்றனர்.

இது வடக்கின் துயரம் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் மூன்று தலைமுறைகள் ஒரே வீட்டிலிருந்து போயின. யார் யாருக்கு உறவு என்று சொல்லக்கூடிய பெரியம்மாக்களும் அவர்களோடு போயினர். கொரோனாக் காலத்தில் வேறொன்று நடந்தது. 2020 மார்ச் இறுதியிலிருந்து ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன; இருபது நாள் சிசுவொன்றும் அவற்றுள் அடங்கும். மக்கள் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அந்தத் துணிக்கு எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்திருந்தது. 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் வந்தவர்கள், உயிரோடிருந்தபோது ஒருவரையொருவர் அறியாதவர்கள், அங்கே அருகருகே கிடக்கின்றனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்டவரின் பிள்ளை எந்தத் தலைமாட்டில் கல் வைப்பது என்பதற்கு அதில் பதிலில்லை.

இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு வரைபடம் தயாரித்து வருகிறேன். கொப்பித் தாள்களை ஒட்டி, மையவாடியின் மதில், கிணறு, வேப்பமரம், வரிசைகள் என்று கோடிட்டிருக்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குச் சென்று தாளை விரித்து வைப்பேன். கண்பார்வை குன்றியவர்கள் விரலைப் பிடித்து மதிலில் வைக்கச் சொல்வார்கள், அங்கிருந்து எண்ணுவார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மையவாடிக்குள் போகாதவர்கள் அவர்கள். எந்த ஜனாஸா எந்த வீட்டிலிருந்து எந்தக் கிழமை போனது, எவரருகே வைத்ததாக ஆண்கள் வந்து சொன்னார்கள் என்று ஒழுங்காகச் சொல்கின்றனர். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டு பெயரையும் எழுதுகிறேன்.

இதுவரை நூற்று ஆறு கற்களுக்குப் பெயர் கிடைத்துள்ளது. கிணற்றுக்கு மேற்கே இரண்டு வரிசைகள் முற்றாக வெறுமையாக உள்ளன. அவை 1960களுக்கு முந்தியவை என்று மட்டும் அறிகிறேன். அந்தப் பக்கத்தில் தமது வாப்பாவையோ மூத்தம்மாவையோ அடக்கியவர்கள், அல்லது அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், இச்சஞ்சிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதினால் தாளோடு நானே வருகிறேன்.